இலையின் மேல் கை: ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தம்மைப் பேணவும் எல்லை வகுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சித்தி மகளின் திருமணத்தன்று, முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, மண்டபத்துச் சமையற்கட்டை ஒட்டிய சாமான் அறையில் நான் ஒளிந்திருந்தேன். வாழையிலைக் கட்டுகள், தேங்காய் மூட்டை, கவிழ்த்துவைத்த அண்டாக்கள். இலைக்கட்டில் முதுகைச் சாய்த்தபோது அதன் ஈரம் மட்டும்தான் இதமாக இருந்தது. வெளியே தவிலும் நாகஸ்வரமும், ஒலிபெருக்கியில் யாருடைய காரையோ நகர்த்தச் சொல்லும் அறிவிப்பும், வீடியோக்காரரின் விளக்கும். ரவிக்கையின் ஜரிகைக் கரை கையை அறுத்துக்கொண்டிருந்தது. அம்மா தேடி வந்து, "எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள், எழுந்து வா" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. சொல் எல்லாம் உள்ளே இருந்தது, நாக்குக்கு வந்து சேரவில்லை. அதைத் திமிர் என்று உறவினர்கள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு 26 வயது. எனக்கு ஆட்டிசம் என்று தெரிவதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

உலகை உணரும் விதமும் பிறரோடு பழகும் விதமும் பிறவியிலேயே வேறுபட்டிருக்கும் நிலைதான் ஆட்டிசம். அந்தப் பெயரைக் கேட்டாலே குழந்தைகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். ஆட்டிசத்தை விவரித்து மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அந்தக் குழந்தைகளும் வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்துக்கொண்டதே 2013இல்தான். அதற்கு முன் வளர்ந்த நம்மில் பலர் 'கூச்ச சுபாவம்', 'பிடிவாதம்', 'படிப்பில் கெட்டி, பழகத் தெரியாது' என்ற பெயர்களோடுதான் வளர்ந்தோம். மருத்துவரின் அறிக்கை கையில் இருந்தாலும், இன்னும் இல்லாமல் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டிருந்தாலும், இந்த வழிகாட்டி உங்களுக்கானது.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். முன்கூட்டியே சொன்ன எல்லை தகவலாகக் கேட்கும். தாங்க முடியாத நொடியில் சொன்ன அதே எல்லை சண்டையாகக் கேட்கும். ஆகவே எல்லை வகுப்பதில் பாதி வேலை, நம் வலு எப்போது தீரும் என்று நாமே முதலில் தெரிந்துகொள்வது.

படி 1: இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளையும் ஒவ்வொரு வரி. எங்கே இருந்தேன், என்ன சத்தம், யாரோடு பேசினேன், சாப்பிட்டேனா, உடம்பில் என்ன தெரிந்தது. 'எப்படி உணர்ந்தேன்' என்று எழுத முயல வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தம் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பசியும் தாகமும் சிறுநீர் முட்டுவதும்கூட நம்மில் பலருக்கு மிகத் தாமதமாகத்தான் உறைக்கும். அதனால் உடம்பை எழுதுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், குழாய் சொட்டுவது சுத்தியல் போலக் கேட்டது, கேட்ட கேள்விக்கெல்லாம் 'ம்' என்று மட்டும் சொன்னேன். இந்த மூன்றும் என் எச்சரிக்கை மணிகள். மூன்றும் சேர்ந்து வந்தால் அரை மணி நேரத்துக்குள் நான் தனியாக இருந்தாக வேண்டும். 34 வயதுவரை இது எனக்குத் தெரியாது.

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் எதிர்பாராதது கிடைக்கும். என்னைத் தின்பது அலுவலகம் என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதும் வேலை எனக்குப் பிடித்தமானது. எண்கள் குரலை உயர்த்துவதில்லை. திருநகரிலிருந்து பெரியார் பேருந்து நிலையம்வரை காற்று ஒலிப்பானோடு வரும் பஸ் பயணமும், வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும் கேட்கும் தொலைக்காட்சியும் மிக்ஸியும்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தன. வேலையை விட வேண்டியிருக்கவில்லை. 40 நிமிடம் முன்னதாகக் கிளம்பிக் கூட்டமில்லாத பஸ்ஸைப் பிடித்தேன். சட்னியைக் காலையிலேயே அரைத்து வைத்துவிடுமாறு அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அந்த மாதத்தில்தான் பல வருடங்களுக்குப் பிறகு இரவு உணவை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்னொரு பக்கமும் எழுதுங்கள்: எது உங்களை நிரப்புகிறது. ஊஞ்சல், மழையில் நனைந்த மண்ணின் வாசனை, ஒரே பாட்டை முப்பது முறை கேட்பது, கனத்த போர்வை, அரிசியில் கையை விட்டு அளைவது. உடம்பை ஆட்டுவதையும் விரலைத் தட்டுவதையும் 'கெட்ட பழக்கம்' என்று சின்ன வயதில் அடக்கியிருப்பார்கள். அது நரம்புகள் தம்மைத் தாமே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. யாருக்கும் காயமில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஊஞ்சல் மாட்டிய நம் வீடுகள் இதை எப்போதோ அறிந்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

படி 2: வரவுக்குள் செலவு

ஒரு நாளின் வலுவை மாதச் சம்பளம்போல் நினையுங்கள். சிரித்த முகத்தோடு இருப்பது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது, எல்லாமே செலவு. மற்றவர்களைப்போல் தெரிவதற்காக நாம் போட்டுக்கொள்ளும் இந்த முகமூடிதான் பட்டியலிலேயே பெரிய செலவு. வெளியே யாருக்கும் அது தெரியாது.

திருமணம், புதுமனை புகுவிழா, ஊர்த் திருவிழா போன்ற பெரிய செலவு உள்ள வாரத்தில் வேறு எதையும் ஏற்காதீர்கள். மறுநாளுக்கு விடுப்பை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சித்திரைத் திருவிழாவின்போது மதுரையே நடுச்சாமம்வரை விழித்திருக்கும். அந்த நாட்களில் நான் புதிய வேலை எதையும் தொடங்குவதில்லை. தெருவில் கட்டிய ஒலிபெருக்கி இரவு 10 மணிக்குப் பிறகும் ஓயவில்லை என்றால், அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பொது இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதே 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ள பொது விதி. திருவிழா நாட்களுக்கு அரசு 12 மணிவரை விலக்குத் தரலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத வலுவைக் கடன் வாங்கியே வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டோரா ரேமேக்கர் குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி முற்றிலும் தீர்ந்துபோகும் நிலையை மூன்று அடையாளங்களால் விவரிக்கிறது: நீண்ட நாள் தீராத களைப்பு, முன்பு செய்ய முடிந்தவை கைவிட்டுப் போவது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்கும் அளவு குறைந்துவிடுவது. பெரும்பாலும் மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும். எனக்கு அது வந்தபோது குளிப்பதன் வரிசை மறந்து போனது. வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் தண்ணீரா, சோப்பா என்று தெரியாது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். உங்களுக்கும் இப்படி இருந்தால், தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். செலவுகளை வெட்டுங்கள். மருத்துவரையும் பாருங்கள், தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவையும் ஏறக்குறைய இதே முகத்தோடு வரும்.

படி 3: உடம்புக்கு வேண்டியவை

இவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் எப்போதும் பையில் இருக்கட்டும். சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். சோக் வைத்த பழைய குழல்விளக்கின் ரீங்காரம் தலையைக் குடைந்தால் மஞ்சள் ஒளி எல்இடி பல்புக்கு மாறுங்கள். சட்டைக் கழுத்தின் லேபிளைத் தையல்கடையில் கொடுத்து நூல் மிச்சமில்லாமல் பிரித்து எடுங்கள். பட்டு ஆகாது என்றால் பலமுறை துவைத்து மிருதுவான சுங்குடிச் சேலையை உடுத்திக்கொண்டு விசேஷத்துக்குப் போகலாம், நான் போகிறேன். தண்ணீர் குடிக்கவும் சாப்பிடவும் கைபேசியில் அலாரம் வையுங்கள், பசிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

தினமும் ஒரே சாப்பாடு என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் மட்டும்தான் இந்த வாரம் இறங்குகிறது என்றால் அதையே சாப்பிடுங்கள். மாதக்கணக்கில் அப்படியே நீடித்தால் இரும்புச்சத்து, பி12 அளவுகளைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வீட்டில் உங்களுக்கென்று ஓர் இடமும் வேண்டும். தனி அறை பலருக்கு வாய்ப்பதில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல், பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூலை, எதுவானாலும் சரி. அங்கே இருக்கும்போது கூப்பிடக் கூடாது என்று வீட்டில் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எல்லையைச் சொல்லும் சொற்கள்

நம் வீடுகளில் 'முடியாது' என்ற சொல் கதவை அறைவதுபோலக் கேட்கும். ஆனால் மறுப்பதற்கு நம் மொழியிலும் பழக்கத்திலும் வழியே இல்லை என்பது பொய். பந்தியில் இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டினால் பரிமாறுபவர் கரண்டியை நிறுத்திவிடுகிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. 'தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது; வருவதையும் சீக்கிரம் கிளம்பிவிடுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும்.

நான் பின்பற்றும் அமைப்பு இது: எதற்கு வருவேன், எத்தனை மணிவரை இருப்பேன், என்ன செய்து கொடுப்பேன். "சித்தி, முகூர்த்தத்துக்கு வந்துவிடுகிறேன். ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுவேன். அதுவரை மொய் எழுதித் தருகிறேன்." ஒரு வாரம் முன்பே, முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். நேரில் சொன்னால் குரலும் முகமும் நமக்கு ஒத்துழைக்காமல் போகலாம்.

இதில் காரணம் இல்லாததைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நம் வீடுகளில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வைத்தியம் தயாராக இருக்கும். தலைவலி என்றால் தைலம், சத்தம் என்றால் பின்வரிசை நாற்காலி, அசதி என்றால் மாடியில் ஓர் அறையும் காபியும். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் வைத்தியம் கொடுத்த பிறகும் கிளம்பினால் நீங்கள் நன்றி இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். முடிவைச் சொல்லுங்கள், காரணத்தை உங்களைப் புரிந்துகொள்ளும் ஓரிருவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

மொய் எழுதுவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையை மாற்றிய யோசனை அது. விசேஷ வீட்டில் நம்மை வதைப்பது வேலை எதுவும் இல்லாமல் நிற்பதுதான். யாரிடம் என்ன பேசுவது, எப்போது சிரிப்பது, எங்கே கையை வைத்துக்கொள்வது. மொய் மேசையில் முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் நோட்டு. வருபவர் ஊர், பெயர், தொகை சொல்வார். "திருமங்கலம், ஐந்நூற்று ஒன்று" என்று நான் எழுதுவேன், பக்கத்தில் இருக்கும் மாமா பணத்தை எண்ணிப் பையில் போடுவார். பேச்சுக்கு வரம்பு உண்டு, வரிசை உண்டு, முடிவு உண்டு. மண்டப வாசலில் இருப்பதால் மேளச் சத்தமும் குறைவு. எண்கள் எனக்குப் பிடிக்கும். உங்களுக்குப் பூக்கட்டுவதோ, தாம்பூலப் பை போடுவதோ, காலணிகளை ஒழுங்குபடுத்துவதோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதோ பிடிக்கலாம். வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

வேறு இடங்களுக்கான சில வாக்கியங்கள். சொல்லாமல் வரும் விருந்தினருக்கு: "வாருங்கள் அத்தை, அம்மா உள்ளே இருக்கிறார். நான் ஒரு வேலையாக இருக்கிறேன், கிளம்பும்போது வந்து பார்க்கிறேன்." தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பவருக்கு: "எழுதி அனுப்புங்கள் அண்ணா, இரவுக்குள் பதில் சொல்கிறேன்." கன்னத்தைக் கிள்ளவும் கட்டிப்பிடிக்கவும் வருபவருக்கு ஓரடி பின்வாங்கிக் கைகூப்புங்கள். வணக்கத்தைத் தவறென்று யாராலும் சொல்ல முடியாது. "இன்னும் கல்யாணம் ஆகவில்லையா?" என்பவருக்கு: "அதைப் பற்றிப் பேசுவதில்லை பெரியம்மா. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" கேள்வியைத் திருப்பி அவர் உடல்நலத்துக்குக் கொண்டுபோனால் பத்தில் ஒன்பது பேர் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

இவற்றைக் கண்ணாடி முன் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அழுத்தம் கூடும்போது புதுச் சொல் வராது, பழகிய சொல்தான் வரும்.

படி 5: எதிர்ப்பு வரும்போது

வரும். 'கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன?' என்ற கேள்வியை எதிர்பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து நாம் அனுசரித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர் 2012இல் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, நாம் மட்டும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தவறவில்லை, அவர்களும் நம்மைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள். இவரும் ஆட்டிசம் உள்ளவர்.

வாதாட வேண்டாம். அதே வாக்கியத்தை, அதே தணிந்த குரலில், திரும்பச் சொல்லுங்கள். "ஒன்பதரைக்குக் கிளம்புகிறேன் சித்தி." மூன்றாம் முறையும் அதையே சொல்லுங்கள். வாக்கியத்தை மாற்றினால் பேரம் தொடங்கிவிடும். கிளம்புகிறேன் என்று சொன்ன நேரத்தில் கிளம்பியும் விடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் என்று ஒருமுறை இருந்துவிட்டால், உங்கள் ஒன்பதரை என்பது பதினொன்று என்று வீட்டார் மனத்தில் பதிந்துவிடும்.

ஒரு துணையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எனக்கு என் தம்பி. நான் கைக்கடிகாரத்தை இரண்டு முறை தட்டினால், "அக்கா, கிளம்பலாமா?" என்று அவன் கேட்பான். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். முதல் இரண்டு விசேஷங்களில் சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. அது வலித்தது. நான்காவது விசேஷத்தில் வாசலில் நின்று தாம்பூலப் பையைக் கையில் திணித்தவரே அவர்தான்: "மணி ஒன்பது இருபத்தைந்து. மொய் நோட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பு."

எல்லோருக்கும் இப்படி அமையாது. எல்லை சொன்னதற்காக அடி, பூட்டிவைத்தல், சம்பளப் பணத்தையோ அடையாள ஆவணங்களையோ பிடுங்கிக்கொள்ளுதல் ஆகியவை நடந்தால், அங்கே வாக்கியங்கள் உதவா. நம்பும் ஒருவருக்குத் தெரியப்படுத்துங்கள்; பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: வேலையிடத்தில்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் அது உண்டு. மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளை அரசு நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டிய கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம் உள்ளவர்கள் வேறு சில பிரிவினரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். இதைப் பெற 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்ற சான்று வேண்டும்.

சான்று இருக்கிறதோ இல்லையோ, அலுவலகத்தில் 'எனக்கு ஆட்டிசம்' என்று சொல்வது முழுக்க உங்கள் விருப்பம். பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்பது பல இடங்களில் எளிதாக நடக்கிறது. நான் அனுப்பிய மின்னஞ்சல் இவ்வளவுதான்: "வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளை ஒரு வரியில் எழுதியும் அனுப்பினால் பிழையின்றி முடித்துத் தருவேன். கதவருகே உள்ள இடத்திலிருந்து ஓரத்து மேசைக்கு மாற்றித் தந்தால் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் உதவியாக இருக்கும்." வேலை சிறக்கும் என்ற பக்கத்திலிருந்து கேளுங்கள். ஒப்புக்கொண்டதை நன்றி சொல்லி எழுத்தில் பதிந்துவிடுங்கள். மேலாளர் மாறும்போது அது கைகொடுக்கும்.

படி 7: மீறிவிட்ட நாளுக்கு

எவ்வளவு திட்டமிட்டாலும் சில நாள் உடையும். சிலருக்கு அழுகையாகவும் கத்தலாகவும் வெளியே வெடிக்கும். சிலருக்கு, எனக்குப்போல, உள்ளே எல்லாம் அணைந்து பேச்சு நின்றுவிடும். இரண்டுமே நாம் தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: ஒளியையும் ஒலியையும் குறைத்தல், தனிமை, தண்ணீர். யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மறுநாள்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். யாரையாவது காயப்படுத்தியிருந்தால், தெளிந்த பிறகு சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். ஆட்டிசத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பேச்சு வராது என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் எண்ணை எழுதிக் காட்டி அழைக்கச் சொல்லுங்கள்.

பேச்சு நிற்கும் நேரத்துக்காக ஓர் அட்டை எழுதி வையுங்கள். என் பணப்பையில் இருக்கும் அட்டையில் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது: "எனக்கு ஆட்டிசம் உள்ளது. இப்போது என்னால் பேச முடியவில்லை. நீங்கள் சொல்வது கேட்கிறது, புரிகிறது. தொடாதீர்கள். அமைதியான இடம் காட்டுங்கள். இருபது நிமிடத்தில் சரியாகிவிடுவேன். தேவைப்பட்டால் பின்பக்கம் உள்ள எண்ணை அழையுங்கள்." பின்பக்கம் இருப்பது தம்பியின் எண். நகல் ஒன்றை அவன் பைக்கின் பதிவுச் சான்றோடு சேர்த்து வைத்திருக்கிறான். இன்னொன்றை அம்மா கேட்டு வாங்கி, அடுக்களையில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்.